புள்ளிகளுக்குக் கணக்கு எழுதியவர்

சத்யஜித் ராயின் பாட்டனார் என்ற ஒற்றை வரியில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரியை நாம் முடித்துவிடுகிறோம். சற்றுக் கூடுதலாக அறிந்தவர்கள், வங்கக் குழந்தைகளுக்குக் கதை சொன்னவர் என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால், புகைப்படத்தைத் தாளில் அச்சிடும் கலைக்குக் கணித அடிப்படை தேடிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர் என்பது அதிகம் பேசப்படாதது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங் பகுதியின் மசுவா கிராமத்தில் 1863-இல் பிறந்தபோது அவர் பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதில் ஜமீன்தாரான உறவினர் ஒருவர் தத்தெடுத்து, புதுப் பெயர் சூட்டினார். கல்கத்தாவுக்குப் படிக்க வந்தவர் பிரம்ம சமாஜத்தில் இணைந்தார், வயலின் வாசித்தார், ஓவியம் தீட்டினார்.

குழந்தைகளுக்காக அவர் எழுதிய இராமாயணமே திருப்புமுனை. அதற்கென அவர் வரைந்த படங்கள், மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டபோது உருக்குலைந்து போயின. வேறொருவராயின் செதுக்கியவரைக் கடிந்துகொண்டு அடுத்த நூலுக்குப் போயிருப்பார். இவரோ 1895-இல் இங்கிலாந்திலிருந்து கருவிகளையும் இரசாயனங்களையும் நூல்களையும் தருவித்தார். கற்பிக்க அருகில் ஆசான் எவரும் இல்லை.

அச்சுத் தகட்டுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை ஒட்டும், அல்லது ஒட்டாது. ஒரு முகத்தின் மெல்லிய நிழலை அச்சிட, அதைப் புள்ளிகளாக உடைத்தாக வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் கீறிய கண்ணாடித் திரை ஒன்றைக் கேமராவுக்குள், படம் பதியும் தகட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்துவார்கள். திரையைக் கடக்கும் ஒளி, அதன் வலிமைக்கேற்பப் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாகப் பதியும். அந்த நெகட்டிவை, ஒளி பட்டால் இறுகும் பூச்சிட்ட செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின்மேல் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவி, அமிலத்தில் இடுவார்கள். பூச்சு இறுகிய இடம் தப்பும்; மற்றது அரிக்கப்படும். எஞ்சும் மேடுகளே மையை ஏற்கும். நம் அச்சகங்கள் அண்மைக்காலம் வரை 'பிளாக்' என்றது இதைத்தான். பழைய வார இதழ் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்தால் அப்புள்ளிகளை இன்றும் காணலாம்.

திரைக்கும் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதுதான் அன்றைய தலைவலி. மயிரிழை தவறினால் புள்ளி சிதையும். பெரும்பாலான தொழிலாளர்கள் கைப்பழக்கத்தால் சமாளித்தனர். உபேந்திரகிஷோர் அதைக் கணக்காகப் பார்த்தார். திரையின் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊசித்துளைக் கேமரா போன்றது. லென்ஸின் திறப்பு எந்த வடிவமோ, புள்ளியும் அதையொட்டியே அமையும். இடைவெளி, திறப்பின் அளவு, கோடுகளின் நெருக்கம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து ஆராய்ந்தார். இலண்டனில் வெளியான 'பென்ரோஸ்' ஆண்டுமலரில் 1897 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவருடைய கட்டுரைகள் வந்தன. கோடுகள் 60 பாகையில் வெட்டிக்கொள்ளும் திரை பற்றியும், ஒரே படத்துக்குப் பல திறப்புகளைப் பயன்படுத்துவது பற்றியும் எழுதினார். ஐரோப்பியத் தொழில் மையங்களுக்கு வெகு தொலைவிலிருந்து இவ்வளவு புதுமை வருவது அந்த மலரின் ஆசிரியருக்கே வியப்பளித்தது. அந்த வியப்பில் காலனிய மேட்டிமையின் சாயல் சிறிது இருந்திருக்கலாம். ஆனால், கட்டுரைகளை வெளியிட அது தடையாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மகன் சுகுமார் ராயை இதே கலையைப் பயில 1911-இல் இங்கிலாந்து அனுப்பினார். 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். படங்கள் அவர் வரைந்தவை, பிளாக்குகள் 'யு. ராய் அண்ட் சன்ஸ்' என்ற அவருடைய நிறுவனத்தில் உருவானவை. செதுக்குபவர் கையில் சிதைந்த இராமாயணப் படங்களுக்கு அவர் தந்த பதிலாகவே அந்த இதழை நான் காண்கிறேன்.

அதன் பின் அவருக்குக் கிடைத்தவை இரண்டே ஆண்டுகள். 1915 டிசம்பர் 20 அன்று, 52 வயதில், நீரிழிவு அவரைக் கொண்டுபோயிற்று. 1923-இல் சுகுமாரும் கருங்காய்ச்சலுக்குப் பலியானார். சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயது. சில ஆண்டுகளில் நிறுவனம் நொடித்தது. உபேந்திரகிஷோர் எழுப்பிய கர்பார் சாலை இல்லத்தைவிட்டுக் குடும்பம் வெளியேறியது.