சோல் பிளாட்ஜே: நிலச் சட்டத்தைப் பின்தொடர்ந்த செய்தியாளர்

தென்னாப்பிரிக்காவில் இனவெறிச் சட்டங்களால் நிலம் இழந்தோர் அதனை மீட்கக் கோரலாம். ஆனால் 1913 ஜூன் 19-க்குப் பின் இழந்திருக்க வேண்டும். அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவ்வாறே எல்லை வகுக்கிறது. பூர்வகுடியினர் நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அச்சட்டம் மக்களை என்ன செய்தது என்பதை நேரில் கண்டு எழுதிவைத்தவர் சாலமன் செகிஷோ பிளாட்ஜே. சட்டம் பயில்வோரும் களத்தில் நிற்போரும் அவரை அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

1876-இல் ஆரஞ்சு சுதந்திர நாட்டின் போஷோஃப் அருகே, சுவானா மொழி பேசும் பரோலாங் மக்களிடையே அவர் பிறந்தார். பினியல் என்னும் ஊரில் பெர்லின் மிஷன் பள்ளியில் பெற்ற தொடக்கக் கல்வியே அவரது முறையான கல்வி. மற்றவை யாவும் அவர் தாமே தேடிக்கொண்டவை. 1894-இல் வைரச் சுரங்க நகரான கிம்பர்லியில் அஞ்சல் துறையின் தந்திச் சேவகராகச் சேர்ந்தார். அக்காலத்தின் அதிவேகச் செய்தித் தொழில்நுட்பம் தந்தியே. அந்நகரின் படித்த கறுப்பின இளைஞர்கள் வாசிப்புச் சங்கங்களையும் கிரிக்கெட் கழகங்களையும் நடத்தினர். பிளாட்ஜே எக்சென்ட்ரிக்ஸ் கழகத்தின் செயலாளர்களுள் ஒருவராக இருந்தார். அதே 1894-இல்தான் ஹெண்ட்ரிக்ஸ் என்னும் வேகப்பந்து வீச்சாளர், நிறத்தின் பொருட்டு, இங்கிலாந்து சென்ற தென்னாப்பிரிக்க அணியிலிருந்து ஒதுக்கப்பட்டார். ஆடுகளத்திலும் எல்லைக்கோடு இருந்தது.

1898-இல் எலிசபெத் எம்பெல் என்பவரை மணந்தார். அவர் கோசா மொழி பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேறு இனக்குழு என்று இரு வீட்டாரும் முதலில் எதிர்த்தனர். அகமண எல்லையை மீறுவோர் எதிர்கொள்ளும் சினத்தை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு மாஃபெகிங் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார். பல மொழிகள் அறிந்த அவர், சாட்சியின் சொல் பிறழ்ந்து பெயர்க்கப்பட்டால் நீதியும் பிறழும் என்பதை அங்குக் கண்டார்; பின்னர் அப்பணி குறித்தே ஒரு கட்டுரை எழுதினார். 1899 அக்டோபர் முதல் 217 நாள்கள் போயர் படைகள் அந்நகரை முற்றுகையிட்டபோது நாட்குறிப்பு எழுதினார். பேரரசு அம்முற்றுகையை வெள்ளையரின் வீரக்கதையாகக் கொண்டாடியது. கறுப்பின மக்கள் பட்ட பசியையும் செய்த பணியையும் உள்ளிருந்து சொல்லும் அந்த நாட்குறிப்பு 1973-இல்தான் நூலாயிற்று.

1902-இல் அரசுப் பணியைத் துறந்து 'கொரன்டா எயா பெச்சுவானா' என்னும் இதழின் ஆசிரியரானார். சுவானாவிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த இதழ் அது. 1910-இல் கிம்பர்லியில் மற்றொரு இதழைத் தொடங்கினார். 1912 ஜனவரி 8 அன்று புளூம்ஃபான்டைனில் தென்னாப்பிரிக்கப் பூர்வகுடியினர் தேசியக் காங்கிரஸ் உருவானபோது அதன் முதல் பொதுச்செயலாளர் அவரே. பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் எனப் பெயர் மாறியது அவ்வமைப்புதான்.

மறு ஆண்டே நிலச் சட்டம் வந்தது. பெரும்பான்மையரான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ தடை. சுதந்திர நாட்டு மாகாணத்தில் விளைச்சலில் பங்கு தந்து உழுத வாரக்குடிகளுக்கு இரு வழிகளே எஞ்சின: மாடுகளோடு பண்ணையாரின் கூலிகளாவது, அல்லது வெளியேறுவது.

பிளாட்ஜே மிதிவண்டியில் புறப்பட்டார். குளிர்காலச் சாலைகளில், இறங்க ஓர் இடமின்றி மந்தைகளோடு அலைந்த குடும்பங்களைக் கண்டு விசாரித்தார். ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை வழியிலேயே இறந்தது. புதைக்கவும் சொந்தமாக ஆறடி நிலமின்றி, இரவில் பிறர் மண்ணில் மறைவாகப் புதைத்தனர். நாம் இன்று உண்மை அறியும் குழு என்று அழைக்கும் பணியை அவர் தனியொருவராகச் செய்தார். ஆட்சியாளர்கள் ஏட்டில் வரைந்த பிரிவுகளுக்கு எதிரே, அப்பிரிவுகளால் விரட்டப்பட்டவர்களின் நிலையைச் சான்றாக நிறுத்தினார். அது 'தென்னாப்பிரிக்காவில் பூர்வகுடி வாழ்வு' என்னும் பொருள்படும் நூலாக 1916-இல் லண்டனில் வெளிவந்தது.

1914-இல் முறையிடச் சென்ற தூதுக்குழுவைப் பிரிட்டிஷ் அரசு கைவிட்டது. 1919-இல் பிரதமர் லாய்ட் ஜார்ஜையே நேரில் சந்தித்தும் சட்டம் அசையவில்லை. பேரரசின் நீதியுணர்வில் காங்கிரஸ் தலைவர்கள் வைத்த நம்பிக்கை பொய்த்தது; அதனை மறைத்து எழுதுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. அவர் கடல்கடந்திருந்த 1921-இல் மகள் ஆலிவ் இறந்தாள். அமெரிக்காவில் டு பாய்ஸ் உள்ளிட்டோரைச் சந்தித்துத் திரும்பியவர், கையோடு கொண்டுவந்த பயாஸ்கோப் கருவியை ஊர் ஊராக எடுத்துச் சென்று அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கல்வி நிலையங்களைத் தம் மக்களுக்குத் திரையில் காட்டினார். 1930-இல் 'மூடி' என்னும் ஆங்கில நாவல் வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சுவானாவுக்குப் பெயர்த்தார். 1932 ஜூன் 19 அன்று நுரையீரல் அழற்சியால் மறைந்தார். நிலச் சட்டம் வந்து அன்றோடு 19 ஆண்டுகள்.

1936-இல் அந்த 7 விழுக்காடு ஏறத்தாழ 13 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் நீங்கியது 1991-இல்தான். அதற்கும் முன்பு, போர்களிலும் ஒப்பந்தங்களிலும் நிலம் பறிகொடுத்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் 1913 என்னும் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். எந்த நாளிலிருந்து அநீதியை எண்ணத் தொடங்குவது என்பதையும் சட்டமே முடிவு செய்கிறது. ஆகவே, வெளியேற்றம் நடக்கும் இடத்துக்கு நம் தோழர்கள் செல்லும்போது, நாளையும் குடும்பங்களையும் கால்நடைகளையும் கணக்கெடுத்து எழுதி வரவேண்டும். பிளாட்ஜேயின் மனுக்கள் தோற்றன. அவர் எழுதிவைத்த சான்றை எவராலும் தள்ளுபடி செய்ய இயலவில்லை.