கோதாவுக்குத் திருப்பி அனுப்பியவர் யார்?

2024 நவம்பர் 16. ஐப்பசிப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த பெருங்கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலை. திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையிலே இளைஞர் நால்வர் ஒரே கைப்பேசியின் மீது தலை கவிழ்ந்திருக்கக் கண்டோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மைக் டைசன் 58 வயதில் மீண்டும் கோதாவில் இறங்கியிருந்தான். எதிரே 27 வயது ஜேக் பால். எட்டுச் சுற்றும் முடிந்தன. நடுவர் மூவரும் இளையவனுக்கே வெற்றி என்றனர். பழைய சிங்கம் பாயும் என்று காத்திருந்த தம்பிமார் முகம் வாடிற்று. ஓய்வு பெற்ற வீரன் திரும்பி வந்தால் என்னதான் எதிர்பார்க்கலாம் என்று நம்மைக் கேட்டனர்.

அவன் கையில் இன்னும் வலு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அவனைக் கோதாவுக்கு அனுப்பியவர் யார் என்று கேளுங்கள் என்றோம். ஜோ லூயியின் கதையைச் சொன்னோம்.

1914 மே 13இல் அலபாமாவின் பருத்திக் காட்டிலே பிறந்தவன் லூயி. பாட்டன் பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். பெற்றோர் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். நம் பக்கத்திலே ஊரான் கொல்லையில் மல்லாட்டை போட்டு, அறுவடையன்று வெறுங்கையோடு வீடு திரும்பியவனைக் கேட்டால் தெரியும், அந்த வாழ்வு எப்படிப்பட்டதென்று! வெள்ளை வெறியர் கூட்டத்துக்கு அஞ்சி 1926இல் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகன் வயலின் கற்கட்டும் என்று தாய் காசு கொடுத்தாள். மகனோ அந்தக் காசில் குத்துச்சண்டை பழகினான்.

அன்று கருப்பனுக்குக் கைவலிமை மட்டும் போதாது. 1908இல் ஜாக் ஜான்சன் முதல் கருப்பு உலக வீரனாகி, வென்ற செருக்கை மறைக்காமல் வாழ்ந்தான். அதைப் பொறுக்காத வெள்ளையுலகம், 1915இல் அவன் தோற்றபின் கருப்பருக்குக் கதவையே சாத்திவிட்டது. ஆகவே லூயிக்கு அவன் நிர்வாகிகள் கட்டளைகள் போட்டனர். வீழ்ந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது; வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வெல்லலாம், ஆனால் வென்றதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது! என்ன நீதி இது!

அந்த வேலிக்குள் நின்றே வென்றான். 1937இல் பிராடக்கை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றான். 1936இல் தன்னைத் தோற்கடித்திருந்த ஜெர்மானியன் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938 ஜூன் 22இல் மீண்டும் சந்தித்தான். ஆரிய இனமே உயர்ந்தது என்று இட்லர் ஆட்சி பறைசாற்றிக்கொண்டிருந்த நாள். 124 வினாடியில் சண்டை முடிந்தது. இனப் பெருமை பேசியவர்களுக்கு இரண்டே நிமிடத்தில் பாடம்! (ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவன், நல்லவன். அதையும் சொல்லிவிடுகிறோம், கதையின் முடிவில் அவன் மீண்டும் வருகிறான்.)

போர் வந்தது. 1942இல் இரண்டு பட்டப் போட்டிகளில் கிடைத்த தன் பங்கைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தான். படையிலும் சேர்ந்தான். கருப்பனைத் தனிக் கூடாரத்தில் வைத்த படை அது! பட்டத்தை 25 முறை காத்து, 1949இல் தோல்வி காணாத உலக வீரனாகவே ஓய்வு பெற்றான்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவிடவில்லை வருமான வரிக் கணக்கு! நிதிக்குக் கொடுத்த பணத்தையும் அவனுடைய வருமானமாகவே எழுதினர். லூயி மீது பிழையே இல்லை என்று நாம் வாதாட மாட்டோம். கை நீண்டவன்; கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தான், கணக்குப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்களோ தங்கள் பங்கை மட்டும் சரியாகப் பார்த்துக்கொண்டனர். கடன் வட்டியோடு ஏறிற்று. கடனை அடைக்க அவனிடம் இருந்ததெல்லாம் இரண்டு கைகள்தாம்.

1950 செப்டம்பர் 27. யாங்கி ஸ்டேடியம். 36 வயது லூயி, பட்டம் தாங்கிய எசர்ட் சார்லசுக்கு எதிரே. திரும்பி வருகிறவனிடம் கடைசி வரை தங்குவது குத்தின் வலு. முதலில் போவது கால். திறப்பு கண்ணுக்குத் தெரியும், கை போய்ச் சேர்வதற்குள் அது மூடிவிடும். பதினைந்து சுற்றும் அதுவே நடந்தது. தோற்றான். அதோடு நிறுத்தினானா? நிறுத்தக் கடன் விடுமா? சிறிய எதிரிகளை வென்று வென்று, 1951 அக்டோபர் 26இல் ராக்கி மார்சியானோவின் முன் வந்து நின்றான். எட்டாம் சுற்றில் கயிற்றுக்கு வெளியே சரிந்தான். அவனைத் தன் இலட்சிய வீரனாகப் போற்றி வளர்ந்தவன்தான் அடித்தவன். வென்றபின் அவனே கலங்கினான். 1956இல் வரிக்கடன் லூயியை மல்யுத்த மேடையிலும் ஏற்றியது. அந்தப் படத்தை நாம் பார்த்திருக்கிறோம். மறுமுறை பார்க்க மனம் வரவில்லை.

முகமது அலியின் முடிவும் இதிலிருந்து வெகுதூரமில்லை. 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசோடு அவர் காட்சிச் சண்டை போட்டதை நேரில் கண்டவர் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். அதே ஆண்டு அக்டோபர் 2இல், ஓய்வைக் கலைத்து, லாஸ் வேகாசின் சீசர்ஸ் பேலஸ் விடுதியில் லாரி ஹோம்சை எதிர்த்தார். பத்துச் சுற்று அடிவாங்கிய பின் அவருடைய ஆட்களே சண்டையை நிறுத்தினர்.

அதே விடுதியில்தான் லூயிக்கு வேலை, வருவோரைக் கைகுலுக்கி வரவேற்பது. 1981 ஏப்ரல் 11இல் அங்கே ஹோம்ஸ் பட்டம் காத்த சண்டையைச் சக்கர நாற்காலியில் அமர்ந்து பார்த்தான். மறுநாள் இறந்தான், 66 வயதில். படைவீரருக்குரிய ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்தது அரசு. அடக்கச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டவன் மாக்ஸ் ஷ்மெலிங்.