எர்ஸ்கின் பிரபு

படைவீரராயிருந்து நியாயவாதியாகி, இங்கிலாந்தின் லார்டு சான்ஸலர் பதவிவரை உயர்ந்த தாமஸ் எர்ஸ்கின் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1750-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் பக்கன் பிரபு. குடிப்பெருமை மிகுதி, பொருளோ குறைவு. இளைய மைந்தராதலின், 1764-இற் சிறு பருவத்திலேயே கடற்படையிற் சேர்ந்தார். நான்காண்டு கழித்துத் தரைப்படையில் அதிகாரியானார். மனைவி மக்களைத் தாங்கும் பொறுப்பிருந்தும், 1775-இற் சட்டம் பயிலத் துணிந்தார், 1778-இல் நியாயவாதியானார்.

அவ்வாண்டே, கிரீனிச்சில் முதிய கடற்படை வீரர்க்கென அமைந்த விடுதியின் ஊழல்களை வெளியிட்ட காப்டன் பெய்லிமீது அவதூறு வழக்கு எழுந்தது. அவர்தம் வக்கீல்களுள் எர்ஸ்கினே இளையவர். ஆயினும், நீதிபதி தடுத்தும் அஞ்சாது, கடற்படை அமைச்சர் ஸாண்ட்விச் பிரபுவைப் பெயர் சுட்டிக் கண்டித்தார். பெய்லி வென்றார், எர்ஸ்கின் புகழும் ஒரே நாளிற் பரவிற்று.

1783-இற் பாராளுமன்றம் புகுந்தார். 1792-இல், அரசாட்சி முறையைக் கண்டித்து நூலெழுதிய தாமஸ் பெயின்மீது வழக்கு நடந்தது. அப்போது எர்ஸ்கின் வேல்ஸ் இளவரசரின் தலைமை வழக்கறிஞர். பதவிக்குக் கேடு விளையும் என்று பலர் தடுத்தும் பெயினுக்காக வாதித்தார். தீர்ப்புக்கு முன்னரே ஒருவனைக் கைவிடும் வக்கீல் நீதிபதியின் இடத்தைக் கவர்ந்தவராவர் என்பது இவர் கொள்கை. வழக்குத் தோற்றது; பதவியும் போயிற்று.

எனினும் இவர் தளர்ந்திலர். 1794-இல், பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டியமையால் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட தாமஸ் ஹார்டி என்னும் காலணித் தொழிலாளரை மரண தண்டனையினின்று மீட்டார். 1800-இல், நாடகசாலையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்ட ஹாட்பீல்டுக்காக வாதித்தார். போரில் தலையிற் பெருங்காயமுற்றுச் சித்தம் பேதித்த வீரன் அவன். பழைய படைவீரர் ஒருவருக்கு மற்றொருவர் துணைநின்றமை ஈண்டு நினையத்தக்கது.

1806-இற் சான்ஸலரானார், ஓராண்டளவே அப்பதவியில் இருந்தார். 1809-இல் விலங்குகளைத் துன்புறுத்தலைத் தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். பிரபுக்கள் சபை ஏற்றும் காமன்ஸ் சபை தள்ளிற்று. 1823-இற் காலமானார்.

பெற்ற பதவியினும் இழந்த பதவியே இவர்க்கு அழியாப் புகழ் தந்தது என்று யாம் கருதுகின்றோம். நம் குடும்பங்களிற் சட்டம் பயிலும் இளைஞர், ஊதியத்தை எண்ணுமுன் இதனை எண்ணுவாராக. ஊரார் வெறுக்கும் ஒருவன் தம் வாயிலில் வந்து நிற்கும் நாளே, அவர் கல்வி சோதிக்கப்படும் நாளாகும்.