கல்மரம் படித்த பேராசிரியர் பீர்பல் சாஹ்னி

சிதம்பரத்தில் தாவரவியல் படித்த காலத்தில், பாடப் புத்தகத்தில் 'கடலூர் மணற்கல்' என்ற பெயரைப் பார்த்ததும் நம்ம ஊராச்சே என்று நான் மார்தட்டிக்கொண்டேன். திருவக்கரைக் கல்மரங்கள் கிடப்பது அந்த மணற்கல்லில்தான். வயது சுமார் 2 கோடி ஆண்டு. அவற்றுள் ஊசியிலை மரவகை ஒன்றை ஆராய்ந்து, 1931-இல் மெசெம்ப்ரியாக்சிலான் என்ற பேரினத்தில் சேர்த்தவர் சாஹ்னி.

1891-இல் பஞ்சாபின் பேராவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் சீவார்டிடம் பயின்று, 1921 முதல் லக்னோவில் கற்பித்தார். 1936-இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். பட்டம் கிடக்கட்டும், ராஜ்மகால் மலைக் கற்களில் அவர் கண்டதுதான் பெரிசு. தண்டு, இலை, விதை என்று தனித்தனிப் பெயரில் கிடந்தவற்றை ஒரே செடியாகப் பொருத்தினார். அது எந்த ஜிம்னோஸ்பெர்ம் பிரிவிலும் அடங்கவில்லை. 1948-இல் பென்டாக்சிலே என்று தனிப் பிரிவே வகுத்தார். அதன் உறவுமுறை இன்றும் தீராத வழக்கு. கல்லுக்குள் மரபணு மிஞ்சுவதில்லையே!

1949 ஏப்ரல் 3 அன்று, லக்னோவில் அவருடைய தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில் சாஹ்னி மாரடைப்பில் காலமானார். பொறுப்பை மனைவி சாவித்ரி அம்மையார் தோளில் ஏற்றார். 1953 ஜனவரியில் கட்டடத்தைத் திறந்துவைத்தவரும் நேருதான்.