தந்தியின் குரலை ஆராய்ந்த வேங்கடராமன்

குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலேறி நம் கலாசாலைக்கு வரும் மாணவருள் சிலர் தோளில் கிதார்ப் பையைச் சுமந்து வருவதைக் காண்கின்றோம். அன்னார் கூடிப் பேசுமிடத்து முதற்கண் எழும் வினா, எத்தந்தியைக் கட்டினால் வாத்தியத்தின் நாதம் சிறக்கும் என்பதேயாம். மெல்லிய கம்பியோ, பருத்த கம்பியோ? எஃகோ, நைலானோ? வெண்கலச் சுற்றுடையதோ? குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊரில் இவ்வினா எழுவது ஒருவகையிற் பொருத்தமே. தோலும் நரம்பும் ஒரே ஆட்டினின்று வந்தவை அல்லவோ? நைலான் வழக்கிற்கு வந்த 1940-களின் பிற்பகுதி வரையில், ஸ்பானிய மரபுக் கிதாருக்கு ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பையே கட்டி வந்தனர்.

கடைக்காரரிடம் கேட்டு விடுத்துவிடும் இவ்வினாவைப் பௌதிக சாஸ்திரத்தின் வினாவாகக் கொண்டு, தம் இளமைக் காலத்திற் பல ஆண்டுகளை அதற்கென ஈந்த தமிழர் ஒருவர் உளர். அவர் ஸர் சந்திரசேகர வேங்கடராமன். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நொபெல் பரிசு பெற்றவர் என்றே உலகம் அவரை அறியும். ஆயினும் ஒளிக்கு முன்னர் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது தந்தியே.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர்; பிடில் வாசிப்பில் விருப்பமுடையவர். புத்தகமும் பிடிலும் ஒருங்கே இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, இவ்விரண்டையும் வேறு வேறாக எண்ணும் வழக்கம் ஏற்படவில்லை போலும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1904-இல் பி. ஏ. பரீட்சையில் முதன்மையாகத் தேறித் தங்கப் பதக்கம் பெற்றார். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் இசையொலியின் இயல்பைக் குறித்து இயற்றிய பெருநூலை அவர் ஆழ்ந்து கற்றதும் இளமைப் பருவத்திலேயே. அந்நூலாசிரியரை இராமன் தம் ஆசான்களுள் ஒருவராகவே மதித்தார். இதனை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகின்றேன், பின்னால் பயன்படும்.

மேனாடு சென்று பயில அவர் உடல்நிலை இடந்தரவில்லை. ஆதலின் 1907-இல் அரசாங்க நிதி இலாகாவின் தேர்வில் முதலிடம் பெற்றுக் கல்கத்தாவில் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை பயின்றவர். கல்கத்தாவில் பௌபஜார் வீதியில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம், ஆராய்வார் அதிகமின்றி இருந்தது. இராமன் அதனைக் கண்டு உட்புகுந்து அனுமதி பெற்றார். விடியுமுன் எழுந்து கழகம் செல்லுதல், வீடு வந்து உண்டு கச்சேரிக்கு ஓடுதல், மாலையில் கணக்கேடுகளை மூடிவிட்டு மீண்டும் கழகம் புகுந்து இரவு நெடுநேரம் கழித்து வீடு திரும்புதல். இதுவே பத்தாண்டுக் காலம் அவருடைய தினசரி ஆயிற்று. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு, 1911-இல் கல்கத்தா மீண்டார்.

விலையுயர்ந்த கருவிகள் அவரிடம் இல்லை. தந்தியோ எங்கும் கிடைப்பது. பிச்சைக்காரர் கையிலும் காணப்படும் ஒற்றைத் தந்தி ஏக்தாராவைப் பற்றி 1909-இல் ஒரு கட்டுரை வரைந்தார். செல்லோ என்னும் பெரிய பிடிலில் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஓநாய் உறுமுவது போன்ற கெட்ட ஒலி எழுவதுண்டு. பெட்டியின் மரம் அச்சுரத்திற்குத் தானும் வலிந்து அதிர்ந்து தந்தியின் சக்தியை உறிஞ்சிவிடுதலால் நாதம் தடுமாறுகிறது என்பதனை 1916-இல் விளக்கினார். வில்லால் இழுக்கப்படும் தந்தியின் அசைவைக் கணக்கிட்டு 1918-இல் வெளியிட்ட பெருங்கட்டுரை இன்றும் அத்துறையில் மூலநூலாக மதிக்கப்படுகிறது. மனிதன் கை ஒருபோல் இழுக்காது என்பதற்காகப் பிடில் வாசிக்கும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். அதில் வில் அசையாது நிற்க, பிடிலே முன்னும் பின்னும் சென்று வரும்! கழகத்தில் அவருக்குத் துணைநின்ற ஆசுதோஷ் தே என்பாரின் கைத்திறம் இச்சோதனைகளிற் பெரிதும் உதவியது.

இவ்வாறிருக்கையில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தலைவர் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி, பாலித் பெயரால் அமைந்த பௌதிகப் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு அழைத்தார். சம்பளமோ அரசாங்க உத்தியோகத்தில் பெற்றதினும் மிகக் குறைவு. நிதி இலாகாவில் அவர் மேன்மேலும் உயர்வது உறுதி. மணமான கிருகஸ்தர் ஒருவர், தந்தியும் ஒளியும் ஆராய்வதற்காக இதனைத் துறப்பது விவேகமா என்று பலரும் ஐயுற்றிருத்தல் கூடும். இராமன் 1917-இல் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். இந்நாளில் நிலையான வேலையென்றால் மற்றெல்லாம் மறக்கும் நம்மவர் இவ்விடத்தைச் சற்று நின்று படித்தல் தகும்.

இனி, வீணையிடம் வருவோம். மீட்டப்பட்ட தந்தி முழு நீளமாக அசைவதோடு, இரு பாதியாகவும், மூன்று கூறாகவும், நான்கு கூறாகவும் உடனுக்குடன் அசைகின்றது. இக்கூறுகளின் ஒலிகளே மேற்சுரங்கள். அவை எவ்வளவில் கலக்கின்றனவோ அதுவே நாதத்தின் நிறம். கூறுகளுக்கிடையே அசையாது நிற்கும் இடத்திற்குக் கணு என்று பெயர். தந்தியை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தைக் கணுவாகவுடைய மேற்சுரம் பிறவாது என்பது விதி. 1800-ஆம் ஆண்டில் தாமஸ் யங் கண்டு, ஹெல்ம்ஹோல்ட்ஸ் உறுதிசெய்த விதி இது. கிதார் வைத்திருப்போர் இப்பொழுதே சோதிக்கலாம். விரலழுத்தாத தந்தியைப் பன்னிரண்டாவது மெட்டின் மேல், அதாவது சரிபாதியில், மீட்டினால் ஒலி மழுங்கி உருண்டு வரும். குதிரையருகே மீட்டினால் கூர்மையாய்க் கணீரென்னும்.

வீணையிலும் தம்புராவிலும் இவ்விதி நிற்கவில்லை. இராமன் முதலில் ஒரு கணுவைச் சரியாகத் தேடிக் கண்டார். பின் அவ்விடத்திலேயே மீட்டினார். மீட்டியவுடன் அதே இடத்தை விரலால் தொட்டார். விதியின்படி மௌனமே எஞ்ச வேண்டும். ஆனால் பிறக்கக்கூடாத அம்மேற்சுரமே உரக்க ஒலித்தது. தம் ஆசானின் விதிக்கு மாறாகத் தம் செவி சொல்வதை நம்புவதா என்னும் நிலை அது. காரணத்தைக் குதிரையிற் கண்டார். கிதாருக்கும் பிடிலுக்கும் குதிரையின் விளிம்பு கூர்மையானது. தந்தி ஓரிடத்தில் திட்டமாக முடிகிறது. வீணையின் குதிரையோ மேலே உலோகத் தகடு பதித்து, மெல்லென வளைந்து சரிவது. தந்தி அசையும்போதெல்லாம் அவ்வளைவில் படிந்து படிந்து விலகுகின்றது. அதனால் தந்தியின் முடிவிடம் கணந்தோறும் மாறி, ஒடுங்கிய மேற்சுரங்கள் மீண்டும் தூண்டப்படுகின்றன. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் நூலிழை, பாடகர் ஜீவா என்று அழைப்பது, இதே தொழிலைச் செய்கிறது. அதனை ஒரு மயிரளவு நகர்த்தினாலும் தம்புராவின் உயிர் வரும் அல்லது போகும். 1921-இல் இதனை வெளியிட்டார். கட்டுரை சில பக்கங்களே கொண்டது. இன்னும் விரித்திருக்கலாம் என்பது என் கருத்து. அவர் மனம் அதற்குள் ஒளியின் பால் திரும்பிவிட்டது. ஏட்டிற் பெயரில்லாத நம் தச்சர்கள் செவியையே துலாக்கோலாகக் கொண்டு செதுக்கிய குதிரை, ஐரோப்பியப் பேரறிஞரின் விதிக்கு விலக்காய் நின்றதென்பது சிறு செய்தியன்று.

கிதார் மாணவர்க்கு இதனால் ஆவது யாது? குதிரையின் உதவி அவர்க்கு இல்லாமையால், தந்தியும் மீட்டுமிடமுமே நாதத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. முதல் தந்தி அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு பருமனுடையதாயின் விரலுக்கு எளிது. 12 பங்காயின் அதே சுரத்திற்கு அதிக இழுப்பு வேண்டும், பலகையும் உரமாக அதிரும். கீழ்ச்சுரத் தந்திகளுக்கு எடை வேண்டும். தனிக் கம்பியையே பருமனாக்கினால் அது கோல்போல் விறைத்து மேற்சுரங்கள் சுருதி பிசகும். ஆதலின் மெல்லிய எஃகின்மேல் செம்பு கலந்த கம்பியைச் சுற்றுகின்றனர். அச்சுற்றின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் புகுந்தால் எடை ஒழுங்கு கெட்டு நாதம் மங்கும்; நம் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் இது விரைவில் நேரும். கிதாரின் குதிரை விளிம்பு தேய்ந்து அகன்றால் தந்தி தம்புராபோல் இரையும். புதுத் தந்தி மாற்றியும் இரைச்சல் தீராதோர் அங்கே நோக்குவாராக. ஒரு வாத்தியத்தில் குற்றமாவது மற்றொன்றில் உயிராகிறது.

1921-இல் இராமன் முதன்முறையாக மேனாடு சென்று மீண்டபோது கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. 1924-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1927-இல் ஜெர்மனியில் வெளியான பௌதிகப் பெருந்தொகுதியில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு அவரிடமே ஒப்புவிக்கப்பட்டது. 1928 பிப்ரவரி 28-இல் அவர் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டதும், 1930-இல் நொபெல் பரிசு பெற்றதும் யாவரும் அறிந்தவை. 1933-இல் பெங்களூர் சென்று இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையேற்றார். ஆயினும் பழைய காதல் முற்றும் அறவில்லை. மிருதங்கத்தின் கரணை, தோலின் ஒழுங்கற்ற ஒலிகளைச் சுருதிக்குள் அடக்கும் விதத்தை 1920-இல் குறிப்பிட்டவர், 1934-இல் அதனை விரிவாக எழுதினார். 1948-இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, அங்கேயே இறுதிவரை உழைத்தார். 1954-இல் பாரத ரத்னம் பெற்றார். 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் உயிர் நீத்தார். அந்நிலையத்துத் தோட்டத்திலேயே அவர் உடல் தகனம் செய்யப்பட்டது.