அவை சிரித்தது, கணக்கு நின்றது!

தை மாத முன்னிரவில் திருச்சுழிக் கரிசல்காட்டில் நின்று தென்கிழக்கே பாருங்கள், தோழர்களே! இரவு வானின் விண்மீன்களிலேயே ஒளிமிக்கது அங்கே தெரியும். சிரியஸ் என்பது அதன் பெயர். அதற்குத் துணைமீன் ஒன்று உண்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பருமனில் ஏறத்தாழப் பூமி. எடையிலோ கதிரவனுக்கு நிகர்! அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி பல டன் கனக்கும்.

இந்த விந்தைப் பொருளுக்கு எல்லை கண்டவர் ஒரு தமிழர், சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910-ல் லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். வயது 19! நடுக்கடலில் அமர்ந்து கணக்குப் போட்டார்.

என்ன கணக்கு? அருப்புக்கோட்டையில் பஞ்சுப் பொதி அழுத்தும் தொழிலாளிக்கு எளிதில் விளங்கும். உதிரிப் பஞ்சு அமுங்கும். ஓரளவுக்குமேல் எதிர்த்து நிற்கும். எரிபொருள் தீர்ந்த விண்மீனும் தன் எடையாலேயே அமுங்குகிறது. அணுக்கள் நொறுங்கி, எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழைய இயற்கை விடாது. வெப்பம் தணிந்தாலும் அந்த எதிர்ப்பு தணியாது. எத்தனை பெரிய விண்மீனையும் அது தாங்கிவிடும் என்று பெரியவர்கள் நம்பினர். இல்லை, கதிரவனின் எடையில் ஏறத்தாழ 1.4 மடங்கே எல்லை. மிஞ்சினால் மேலும் சரியும் என்று காட்டியது, பின்னர்ச் செம்மையுற்ற அவரது கணக்கு.

1935 சனவரியில் லண்டன் வானியல் கழகத்தில் அதை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தார் எடிங்டன். அந்நாளின் வானியல் பேரறிஞர். அடிப்படையே தவறென்று எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. இளைஞரின் கணக்கு சரியே எனத் தனிமையில் ஒப்பிய பெரும் இயற்பியலறிஞர்களும் மன்றத்தில் வாய் திறக்கவில்லை!

சந்திரசேகர் சோர்ந்தாரா? இல்லை. 1937-ல் சிக்காகோ பல்கலைக்கழகம் சென்றார். 1939-ல் ஆய்வை நூலாக்கினார். எடிங்டன்மீது பகையும் பாராட்டவில்லை. எல்லை மீறியவை நியூட்ரான் விண்மீன்களாகவும் கருந்துளைகளாகவும் சரியும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1983-ல் வில்லியம் பவுலருடன் நோபல் பரிசு பெற்றார், 1995-ல் மறைந்தார். 1999-ல் விண்ணேறிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்றே பெயர்.

அந்த அவையில் நகையாடியவர் ஒருவர். உண்மை தெரிந்தும் ஊமையாய் இருந்தவர் பலர். நாளை நம் சங்கக் கூட்டத்தில், சின்னத் தோழன் ஒருவன் சரியான கணக்கோடு எழுந்து நிற்பான். அப்போது பெரியவர் முகம் பார்த்துச் சிரிக்காதீர்கள். சரியென்று பட்டால், எழுந்து சொல்லுங்கள்!