தம் குற்றமும் ஆராய்ந்தோர்

தெஹியோவிட்டவில் மாணாக்கர்க்குச் சிலப்பதிகாரம் கற்பிக்குந்தோறும், ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியனோடு, அம்மதுரையிலேயே வளர்ந்த வேறொருவரையும் நினைக்கின்றேன். அவரே சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். 1775இல் ஸ்கொத்லாந்திற் பிறந்து, இளமையிலேயே தமிழ் பயின்று, இலங்கையின் பிரதம நீதியரசராய் விளங்கியவர்.

ஒருவன் குற்றவாளியா, அல்லனா என்று துணியும் பொறுப்பை நீதிபதியிடமே விடாது, 1811இல் அவனுடைய நாட்டவர் பதின்மூவரைக் கொண்ட யூரிமாரிடம் ஒப்படைக்கச் செய்தார். அங்ஙனம் பிறர் குற்றத்தை ஆராய அமர்ந்தோருட் பலர் அடிமைகளை உடையோர். ஜோன்ஸ்டன் தூண்ட, அவர்கள் தம் குற்றத்தையும் ஆராயலாயினர். 1816 ஓகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் மக்கள் உரிமையுடையோரே என இசைந்தனர்.

1849இல் ஜோன்ஸ்டன் மறைந்தார். பிறரைத் தீர்ப்போன் தன்னையுந் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். பாண்டியனும் தன் பிழை உணர்ந்தான். ஆயின், கோவலன் இறந்த பின்னர்.